வாசகர் கேள்வி – பதில்: நீளமான அறிவியல் சொல்லை எங்கே உடைப்பது, எங்கே அழுத்துவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன. ஆங்கில அறிவியல் சொல் கொஞ்சம் நீளமாக வந்துவிட்டால் நாக்கு நின்றுவிடுகிறது என்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, பக்கங்கள் முழுவதையும் இதற்கே தருகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 18 ஆண்டுகளாகப் பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவியல் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். ஒரு சொல் என் வாயிலிருந்து எப்படி வருகிறதோ, அப்படித்தான் அது அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும். சரிபார்க்க அவர்கள் முன்னால் அச்சுப் பக்கம் இருக்காது. அந்தப் பயம்தான் எனக்கு இந்த விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது.

கீழே சொற்களைக் கோடிட்டுப் பிரித்திருக்கிறேன். அழுத்தம் விழும் துண்டுக்கு முன்னால், அகராதிகளில் இருப்பதுபோலவே, ˈ என்ற சின்னக் குறி இருக்கும். ஒவ்வொரு துண்டின் முதலெழுத்தையும் தனிச்சொல்லின் முதலெழுத்தைப் போலவே படியுங்கள்.

முதலாண்டு தாவரவியல் மாணவி ஒருவர்: வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் ஃபோட்டோசிந்தசிஸ் வரை சமாளித்துவிடுகிறேன் அம்மா. டீஆக்சிரைபோநியூக்ளியிக் ஆசிட் வந்ததும் நின்றுவிடுகிறேன். உடைத்துப் படிக்க ஏதாவது வழி உண்டா?

உண்டு. முதல் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மீதியை எண்ணுங்கள். ஃபோட்டோசிந்தசிஸ்: போ, டோ, சி, த, சி. ஐந்து. ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு ஐந்து சிலபிள், அதாவது ஐந்து ஒலித்துண்டுகள்தான். மைட்டோகாண்ட்ரியா: மை, டோ, கா, ரி, யா. அதுவும் ஐந்து. பாக்டீரியா நான்கு. ஒரு சிலபிளுக்கு உயிர் கொடுப்பது அதிலுள்ள உயிரொலி. ஆங்கில எழுத்தைப் பார்த்து எங்கே உயிரொலி இருக்கிறது, எங்கே எழுத்து சும்மா நிற்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழ் எழுத்து அதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிடும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். நம் மொழியில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. அதனால் கடன்வாங்கிய சொற்களுக்கு முன்னால் ஒரு உயிரைத் துணைக்குச் சேர்க்கிறோம். கடைசியிலும் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். குளோரைடு என்று எழுதி எண்ணினால் நான்கு வரும். ஆங்கிலத்தில் அது ˈக்ளோ-ரைட், இரண்டே இரண்டு. முன்னாலிருக்கும் கு-வும் பின்னாலிருக்கும் டு-வும் நாம் கொடுத்தவை. புரோட்டீன், பிளாஸ்மா, கிளைகோஜன் மூன்றிலும் இப்படி ஒன்றைக் கழிக்க வேண்டும். இன்னொன்று, நியூ, மியூ போன்றவை. தமிழில் இரண்டெழுத்து, ஆங்கிலத்தில் ஒரே சிலபிள்.

இப்போது உங்களை மிரட்டிய சொல்லுக்கு வாருங்கள். எண்ணினால் ஒன்பது வரும். நியூ-வுக்காக ஒன்றைக் கழித்தால் எட்டு. டீ-ஆக்-சி-ரை-போ-நியூ-ˈக்ளீ-யிக். கடைசியை க்ளே-யிக் என்றும் சொல்வார்கள், அதுவும் சரியே.

வாசித்துப் பழகும்போது முன்னாலிருந்து தொடங்காதீர்கள். வாலிலிருந்து கட்டுங்கள். முதலில் 'யிக்'. அப்புறம் 'க்ளீ-யிக்'. அப்புறம் 'நியூ-க்ளீ-யிக்'. பிறகு 'ரைபோ'வை முன்னால் மாட்டுங்கள், கடைசியில் 'டீஆக்சி'. ஒவ்வொரு முறையும் தெரியாத துண்டில் தொடங்கி, ஏற்கெனவே பழகிய துண்டில் போய் முடிக்கிறீர்கள். முன்னாலிருந்து படித்தால் இது தலைகீழ்: தெரிந்த இடத்தில் தொடங்கித் தெரியாத இடத்தில் போய் முட்டிக்கொள்வோம். நீங்கள் நின்றுபோவது அங்கேதான்.

வாலிலிருந்து கட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சொற்களில் முக்கிய அழுத்தம் பெரும்பாலும் வாலுக்குப் பக்கத்தில்தான் விழும். அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர்: மைக்ராஸ்கோப் என்கிறோம். அதே சொல்லில் கடைசியில் ஒரு எழுத்தை மாற்றினால் உச்சரிப்பே வேறு மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மூன்றாவது ஆண்டு ஞாபகம் வந்தது. செல் உயிரியல் புத்தகம் ஒன்றை முழுக்க வாசித்து முடித்திருந்தேன். மைக்ராஸ்கோபி என்ற சொல் வந்த இடங்களிலெல்லாம் முதல் துண்டில் அழுத்தி 'ˈமை-க்ரோ-ஸ்கோ-பி' என்று வாசித்துவிட்டேன். அதைக் கேட்டுப் படித்த மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் அப்படியே சொல்லியிருக்கிறார். தேர்வாளருக்கு இரண்டு முறை கேட்டும் புரியவில்லை. அந்த மாணவர் என்னிடம் வந்து குறை சொல்லவில்லை. 'அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?' என்று மட்டும் கேட்டார். அன்றிரவே அத்தியாயம் முழுவதையும் மறுபடி பதிவு செய்தேன்.

சரியான உச்சரிப்பு இது. கருவி: ˈமை-க்ர-ஸ்கோப். அதைக் கையாளும் கலை: மை-ˈக்ராஸ்-க-பி. அந்த அளவுக்கு நுண்ணியது என்பதற்கான சொல்: மை-க்ர-ˈஸ்கா-பிக். மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஆனால் அழுத்தம் முதல் துண்டு, இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு என்று நடந்துபோகிறது. ஃபோட்டோகிராஃப் குடும்பமும் இப்படித்தான்: ˈஃபோ-ட-க்ராஃப், ஃப-ˈடாக்-ர-ஃபி, ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக்.

அழுத்தம் எங்கே விழும் என்பதை முடிவு செய்வது சொல்லின் தலை அல்ல, வால். லஜி, கிராஃபி, மெட்ரி, நமி, ஸ்கபி, லசிஸ், இட்டி என்று முடியும் சொற்களில், கடைசியிலிருந்து எண்ணி மூன்றாவது சிலபிளில் அழுத்தம் விழும். பை-ˈஆ-ல-ஜி. ஜி-ˈஆ-ம-ட்ரி. அஸ்-ˈட்ரா-ந-மி. ஹை-ˈட்ரா-ல-சிஸ். எ-லெக்-ˈட்ரி-சி-டி. முன்னால் எவ்வளவு நீளமாகச் சேர்த்தாலும் இது மாறாது. என்டமாலஜி, பாக்டீரியாலஜி, எபிடெமியாலஜி எல்லாமே முடியும்போது ஒரே தாளத்தில் முடிகின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

இக் என்று முடிந்தால் அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் துண்டில் அழுத்தம்: அ-ˈடா-மிக், மாக்-ˈனெ-டிக், ஃபோ-டோ-சின்-ˈதெ-டிக். ஷன் என்று முடிந்தாலும் அதேதான்: ரே-டி-ˈயே-ஷன். இக்-கோடு அல் சேர்ந்தாலும் அழுத்தம் நகராது. பை-ய-ˈலா-ஜிக், பை-ய-ˈலா-ஜி-கல், இரண்டிலும் 'லா'தான்.

மீட்டர் என்ற வாலில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அளக்கும் கருவி என்றால் தெர்-ˈமா-மி-டர், ப-ˈரா-மி-டர் (பாரோமீட்டர்) என்று கடைசியிலிருந்து மூன்றாவதில் அழுத்தம். நீளத்தின் அலகு என்றால் ˈசென்-டி-மீ-டர், ˈமி-லி-மீ-டர் என்று முதல் துண்டில் அழுத்தம், மீட்டரும் தெளிவாகக் கேட்கும். மைக்ரோமீட்டர் இரண்டுமாகவும் இருக்கிறது! திருகு அளவி என்றால் மை-ˈக்ரா-மி-டர். மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் ˈமை-க்ரோ-மீ-டர். அச்சில் அமெரிக்க எழுத்துமுறையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பிரித்துக் காட்டுவது வாயின் வேலை. கிலோமீட்டருக்கு மட்டும் இரண்டு உச்சரிப்பும் புழக்கத்தில் இருக்கின்றன.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. ஆர்சனிக் என்ற தனிமத்தை ˈஆர்-ச-னிக் என்று முதலில் அழுத்துவார்கள். அதே எழுத்துகள் அமிலத்தின் பெயரில் அடைமொழியாக வரும்போது ஆர்-ˈசெ-னிக் ஆசிட் என்று விதிக்குத் திரும்பிவிடும். அரித்மெட்டிக்கும் இப்படித்தான், பெயர்ச்சொல்லாக அ-ˈரித்-ம-டிக், அடைமொழியாக அ-ரித்-ˈமெ-டிக்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்: சிலபிள் என்பதை 'அசை' என்று மொழிபெயர்க்கிறார்கள். யாப்பிலக்கண அசையும் இதுவும் ஒன்றா? நீங்கள் ஏன் அசை என்று எழுதுவதில்லை?

ஐயா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. நான் வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். 'பலா' யாப்பில் ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் இரண்டு. 'தாவரம்' நேர் நிரை, இரண்டு அசை, சிலபிள் மூன்று. 'அறிவியல்' நிரை நிரை, இரண்டு அசை, சிலபிள் நான்கு. நேரசை எப்போதும் ஒரு சிலபிள், நிரையசை எப்போதும் இரண்டு. மாணவருக்கு இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் ஏதாவது ஒன்றில் குழம்பிவிடுவார்.

ஆனால் நம் இலக்கணத்தில் இதற்கு மிகவும் உதவுகிற வேறொரு பகுதி இருக்கிறது. மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்த எடைக் கணக்கு தெரிந்தவருக்கு லத்தீன், கிரேக்கம் வழியாக வந்த சொற்களின் அழுத்தம் பாதி பிடிபட்டுவிட்டது என்றே சொல்வேன். அங்கே விதி இது: கடைசிக்கு முந்தைய சிலபிளைத் தூக்கிப் பாருங்கள். அதில் நெடில் இருந்தாலோ, குறிலை அடுத்து மெய் நின்று அதை மூடினாலோ, அது கனம். அழுத்தம் அங்கேயே விழும். வெறும் குறிலாக இருந்தால் அது தாங்காது. அழுத்தம் இன்னும் ஒரு படி முன்னால் போய்விடும்.

டைனோசர் பெயர்களில் இது அழகாகத் தெரியும். சாரஸ் என்ற முடிவில் 'சா' நீளம். அதனால் டி-ரா-ன-ˈசா-ரஸ், ஸ்டெ-க-ˈசா-ரஸ். ஆனால் ட்ரை-ˈசெ-ர-டாப்ஸ் என்பதில் கடைசிக்கு முந்தைய 'ர' குறில். அழுத்தம் 'செ'வுக்குப் போய்விட்டது. ஹி-ப-ˈபா-ட-மஸ் என்ற நீர்யானையும் அதே கதை. மூடிய குறிலுக்கு பசிலஸ் நல்ல உதாரணம்: லத்தீனில் இரண்டு எல் எழுத்து, ஒன்று சிலபிளை மூடுகிறது, ஆகவே ப-ˈசி-லஸ். பிளசென்டாவில் 'சென்' மூடியது, ஆகவே ப்ள-ˈசென்-ட.

அப்புறம் அழுத்தம் விழாத துண்டுகள் மங்கிப்போவதைப் பற்றி. ஆங்கிலத்தில் அதற்கு ஷ்வா என்று பெயர். அகராதியில் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ஈ (e) எழுத்துபோல இருக்கும். அ-வும் இல்லாமல் உ-வும் இல்லாமல் அரைகுறையாக ஒலிக்கும். இதைக் கண்டு நம் மாணவர்கள் மிரள்கிறார்கள். மிரள வேண்டியதில்லை. உதடு குவியாமல் அரை மாத்திரையில் தேய்ந்து ஒலிக்கும் குற்றியலுகரத்தைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். 'காடு' என்பதன் கடைசி உகரத்தை யாரும் முழுதாக உச்சரிப்பதில்லை. அந்தத் தேய்மானத்தை ஆங்கிலம் சொல்லின் நடுவிலும் செய்கிறது, அவ்வளவுதான்.

உயிரியல் ஆசிரியை ஒருவர்: மைட்டோசிஸ், மியோசிஸ் என்று அழுத்தும் 'ஓ'வைப் போல ஃபோட்டோசிந்தசிஸில் 'த'வை ஏன் அழுத்துவதில்லை? இரண்டும் சிஸ் என்றுதானே முடிகிறது?

மேலே சொன்ன எடைதான் காரணம். ஓசிஸ் என்ற வாலில் உள்ள ஓ, கிரேக்கத்தில் நெடில். அதனால் மை-ˈடோ-சிஸ், மை-ˈயோ-சிஸ், ஆஸ்-ˈமோ-சிஸ், ஃபா-க-சை-ˈடோ-சிஸ். சிந்தசிஸில் உள்ள எகரம் குறில். அதனால் ˈசின்-த-சிஸ், ஹை-ˈபா-த-சிஸ். ஆனால் கவனியுங்கள், எலெக்ட்ரோஃபொரீசிஸ் என்பதில் அதே ஈ எழுத்து கிரேக்கத்தில் நெடிலாக இருந்தது: எ-லெக்-ட்ரோ-ஃப-ˈரீ-சிஸ். கினீசிஸ் என்று முடியும் சொற்களும் அப்படியே. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே ஈ-யாகத் தெரிவதுதான் சிக்கல். குறில் நெடிலுக்குத் தனித்தனி எழுத்து இருந்த கிரேக்கத்தில் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. மெட்டமார்ஃபசிஸ் மட்டும் இரண்டு விதமாகவும் வழங்குகிறது. மெ-ட-ˈமார்-ஃப-சிஸ் அதிகம் கேட்கும்.

பொறியியல் மாணவர் ஒருவர்: அகராதியில் சொல்லின் நடுவே புள்ளி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஈகாலஜிக்கு மூன்று துண்டுதான் காட்டுகிறது. நான் எண்ணினால் நான்கு வருகிறதே மேடம்?

உங்கள் எண்ணிக்கை சரி. அந்தப் புள்ளிகள் உச்சரிப்பைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. ஈகாலஜியின் முதல் சிலபிள் ஒரே எழுத்து. ஒற்றை எழுத்தை வரியின் ஓரத்தில் தனியாக விடக்கூடாது என்பது அச்சுக்காரர்களின் வழக்கம், அதனால் அங்கே புள்ளி இல்லை. உச்சரிப்புக்குத் தலைச்சொல்லைப் பார்க்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் கொடுத்திருக்கும் ஒலிக்குறிகளைப் பாருங்கள்.

வரி உடைப்பிலேயே இரண்டு மரபுகள் இருந்தன. அமெரிக்க அகராதிகள் காதுக்குக் கேட்பதை வைத்து உடைத்தன. பிரிட்டிஷ் அச்சகங்கள் பெரும்பாலும் சொல்லின் பிறப்பைப் பார்த்து உடைத்தன. நீங்கள் பொறியியல் மாணவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: கணினிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஃபிராங்க் லியாங். கணினி அறிஞர் டானல்ட் குனூத்தின் மாணவர். 1983-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில், வெறும் 4447 எழுத்துக் கோலங்களை வைத்து ஓர் அகராதியின் உடைப்பிடங்களில் 89 சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததைக் காட்டினார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அந்த முறைதான் ஓடுகிறது. ஒரு சொல்லின் பொருளே தெரியாமல், பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை மட்டும் பார்த்து இவ்வளவு சரியாக உடைக்க முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அதே மாணவர்: கார்பன் மோனாக்சைடில் மோனோ தனி, ஆக்சைடு தனி அல்லவா? ஏன் ம-ˈனாக்-சைட் என்கிறார்கள்?

பொருளுக்கு உடைப்பது வேறு, ஒலிக்கு உடைப்பது வேறு. தமிழ் + அரசு = தமிழரசு. எழுதும்போதும் சொல்லும்போதும் 'ழ' என்று ஒன்றாகிவிடுகிறது. மெய்மேல் உயிர் ஏறிக்கொள்கிறது. மோனோவின் கடைசி ஓ உதிர்ந்து, மிச்சமுள்ள ன்-மேல் ஆக்சைடின் ஆ ஏறிக்கொண்டது. நமக்கு மிகவும் பழக்கமான புணர்ச்சிதான்.

பள்ளி மாணவன் ஒருவன்: டெரோசார், நிமோனியா, சைக்காலஜி எல்லாவற்றிலும் முன்னால் பி எழுத்து இருக்கிறது, ஆனால் சொல்வதில்லை. அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. இவை கிரேக்கச் சொற்கள். கிரேக்கர்கள் ப்ட், ப்ன், ப்ஸ் என்று சொல்லைத் தொடங்கினார்கள், அந்தப் பி-யை உச்சரித்தார்கள். ஆங்கில நாக்கு ஒரு சிலபிளை அப்படித் தொடங்காது. அதனால் ஒலியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பி சாகவில்லை. ஹெலிகாப்டரைப் பார். அது ஹெலி, காப்டர் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அல்ல. ஹெலிகோ என்றால் சுருள். ப்டெரான் என்றால் சிறகு. டெரோசாரில் ஒளிந்திருக்கும் அதே சிறகுதான். சொல்லின் நடுவில் வந்ததும் ப் முந்தைய சிலபிளை மூடப் போய்விட்டது, ட் அடுத்ததைத் தொடங்கிவிட்டது: ˈஹெ-லி-காப்-டர். இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டதால் இரண்டும் ஒலிக்கின்றன. பட்டாம்பூச்சி வகையான லெ-பி-ˈடாப்-ட-ர-விலும் அதே சிறகு. நினைவுக்குறிப்பு என்று பொருள்படும் நெமானிக்கின் முன்னால் எம் எழுத்து ஊமை. அதே வேரிலிருந்து வந்த மறதி நோய் அம்-ˈனீ-சி-யாவில் எம் பேசுகிறது. டயக்னோசிஸில் ஜி ஒலிப்பதும் இதனால்தான்.

நாமும் லட்சத்தை இலட்சம், ராமனை இராமன் என்று எழுதுகிறோம் அல்லவா? முன்னால் வரக்கூடாத எழுத்து வந்தால் நாம் ஓர் உயிரைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் ஒரு மெய்யைக் கழிக்கிறது.

வாசகர் ஒருவர்: ஆங்கிலத்தின் மிக நீளமான நோய்ப்பெயர் நியூமோனோ... என்று தொடங்குமே, அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

45 எழுத்து, 19 சிலபிள். 1935-இல் அமெரிக்கப் புதிர்ச் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே உருவாக்கியது. மருத்துவர்கள் சொல்வது நியூ-மோ-கோ-னி-ˈயோ-சிஸ், அல்லது சி-லி-ˈகோ-சிஸ். இந்த இரண்டையும் சரியாகச் சொல்லப் பழக்குங்கள், அதுதான் பயன்படும்.

தந்தை ஒருவர்: இரத்தக் கேபிலரியை என் மகன் இணையத்தில் கேட்டபடி முதல் துண்டில் அழுத்திச் சொன்னான். வாய்மொழித் தேர்வில் தவறு என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி?

இருவரும். க-ˈபி-ல-ரி பிரிட்டிஷ் வழக்கு, ˈகா-ப-லெ-ரி அமெரிக்க வழக்கு. மதிப்பெண் குறைத்தது நியாயமில்லை. பணிவாக அகராதியைக் காட்டிப் பேசிப் பாருங்கள். லபாரட்டரியும் அப்படி: ல-ˈபா-ர-ட-ரி பிரிட்டிஷ், ˈலா-ப்ர-டோ-ரி அமெரிக்கா.

அலுமினியத்தில் சிலபிள் எண்ணிக்கையே மாறும். ஆ-லு-ˈமி-னி-யம் ஐந்து, அ-ˈலூ-மி-னம் நான்கு. பெயர் வைத்த ஹம்ப்ரி டேவியே முதலில், 1808-இல், அலுமியம் என்றார். 1812-இல் அலுமினம் என்று மாற்றினார். சோடியம், பொட்டாசியம் வரிசையில் சேரட்டும் என்று மற்றவர்கள் அலுமினியம் ஆக்கினார்கள். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1990-இல் அலுமினியத்தை ஏற்றது. சில ஆண்டுகளில் மற்றதையும் மாற்று வடிவமாக ஒப்புக்கொண்டது. மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: எந்த வழக்கை எடுத்தாலும் அதே வழக்கில் தொடரட்டும்.

தாய் ஒருவர்: மகள் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்துப்பிழை நிறைய. மாலிக்யூலில் ஈ (e) எழுத்து வர வேண்டிய இடத்தில் ஐ (i) எழுத்தைப் போடுகிறாள். காதால் கேட்டு எழுதுவதால் வரும் பிரச்சினையா?

ஆமாம். என் மாணவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பிரச்சினை இது. அழுத்தம் விழாத இடத்தில் எல்லா உயிரும் ஒரே மாதிரி மங்கிவிடுவதால், உள்ளே எந்த எழுத்து இருக்கிறது என்று காது சொல்லாது. ˈமா-லி-க்யூல் என்று கேட்டால் நடுவில் ஐ-யா ஈ-யா என்று யாருக்குத் தெரியும்?

பிரெய்லில் குறிப்பெடுக்கும் மாணவி ஒருத்தி ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு பட்டியல் அனுப்புவாள், 'இந்தச் சொல்லின் இரண்டாவது உயிர் என்ன அக்கா?' என்று. பதில் எழுதி எழுதி ஒரு நாள் கவனித்தேன்: அழுத்தம் நகர்ந்து அந்த இடத்தில் விழும் உறவுச் சொல் ஒன்று இருந்தால், அது மங்கிய உயிரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ம-ˈலெ-க்யு-லர் என்று சொன்னதும் 'லெ' தெளிவாகக் கேட்கிறது. ஆகவே ஈ எழுத்து. ˈஆ-டம் என்பதில் மறைந்த ஓ, அ-ˈடா-மிக்கில் தெரிகிறது. ˈமெ-டல் என்பதில் மறைந்த ஏ, மெ-ˈடா-லிக்கில் தெரிகிறது. ˈசிம்-பல், சிம்-ˈபா-லிக். ˈபார்-டி-கல், பார்-ˈடி-க்யு-லர். ˈநை-ட்ர-ஜன் என்பதன் நடு உயிரைத் தெரிந்துகொள்ள, மரபணுப் பாடத்தில் வரும் நை-ˈட்ரா-ஜ-னஸ் பேஸ் போதும். அன்றிலிருந்து ஒரு புதிய சொல் முதல்முறை வரும்போது, உறவுச் சொல்லையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். அவளுடைய பட்டியல் மெல்லச் சுருங்கியது.

உறவுச் சொல் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ˈக்ளோ-ர-ஃபில் என்பதில் நடு உயிரை எந்த உறவும் காட்டாது. அங்கே ஒட்டு எது என்று பாருங்கள். இரண்டு கிரேக்கத் துண்டுகள் சேரும் இடத்தில் பசையாக நிற்பது பெரும்பாலும் ஓ எழுத்து: குளோரோஃபில், தெர்மோமீட்டர், ஹைட்ரோஜன். லத்தீன் துண்டுகள் சேரும் இடத்தில் ஐ எழுத்து: ஹெர்பிவோர், கார்னிவோர். ஆம்னிவோரை உங்கள் மகளிடம் சொல்லி, நடுவில் என்ன எழுத்து என்று கேட்டுப் பாருங்கள்.